திறனுக்கு ஒரு பற்று வரவு: மெட்ராய்டுவேனியாவுக்குப் புதியவர்களுக்கு

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுவது என் வேலை. கடை அடைத்து, சாப்பாடு முடிந்து, வீடு அடங்கியபின் ஒரு மணி நேரம் கணினி விளையாட்டு. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் நினைத்ததே இல்லை. உசிலம்பட்டியிலிருந்து அக்கா மகன் கல்லூரிப் படிப்புக்காக எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியபிறகுதான் அது தெரிந்தது. நான் விளையாடுவதை இரண்டு நாள் பின்னால் உட்கார்ந்து பார்த்தான். மூன்றாம் நாள், "மாமா, எல்லாவற்றிலும் ஒருவன் தாவுகிறான், வெட்டுகிறான், செத்துப்போகிறான். இதில் எதை வைத்து ஒன்றை நல்லது என்கிறீர்கள், இன்னொன்றைச் சுமார் என்கிறீர்கள்?" என்று கேட்டான்.

சட்டென்று பதில் வரவில்லை. பாதி எழுதப்படாமல் கிடந்த பழைய பேரேடு ஒன்று அலமாரியில் இருந்தது. அதை எடுத்து அவன் கையில் கொடுத்து, "எழுதிப் பார்" என்றேன். அந்தப் பேரேட்டில் நாங்கள் எழுதிய முறைதான் இந்தக் கட்டுரை. இந்த வகை விளையாட்டைத் தொட்டிராதவர்களும் இதைப் பின்பற்றலாம்.

முதலில், இது என்ன வகை

1986இல் நின்டெண்டோ வெளியிட்ட மெட்ராய்டு, 1997இல் கொனாமி வெளியிட்ட காஸில்வேனியா: சிம்பனி ஆஃப் த நைட். இந்த இரண்டு பெயர்களையும் ஒட்டவைத்துப் பிறந்த சொல்தான் மெட்ராய்டுவேனியா. ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டம் என்று இவற்றில் நகர்வதில்லை. ஊர் முழுக்க முதலிலிருந்தே ஒன்றோடொன்று இணைந்து கிடக்கும். ஆனால் பாதி வாசல்கள் உங்களுக்குத் திறக்காது. எங்கோ ஒரு புதிய திறன் கிடைத்தபின் திரும்பி வந்தால், முன்பு முட்டிக்கொண்டு நின்ற அதே இடம் வழிவிடும்.

மதுரைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதற்கு வெளியே மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மாசி வீதியில் நேராக நடக்க மட்டுமே தெரியும். ஆறு மாதம் கழித்து, சரக்குக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு சந்துக்குள் புகுந்து அடுத்த வீதியில் வெளிப்படப் பழகினேன். வீதிகள் மாறவில்லை, நான்தான் மாறியிருந்தேன். இந்த உணர்வைத் தருவதுதான் இவ்விளையாட்டுகளின் தொழில்.

தேவையானவை

அதிகமில்லை. ஹாலோ நைட், ஓரி போன்ற இவ்வகை விளையாட்டுகள் சாதாரணக் கணினியிலேயே ஓடும். விசைப்பலகையில் ஆடலாம் என்றாலும், கையில் பிடிக்கும் கண்ட்ரோலர் ஒன்றை வாங்கிவிடுங்கள். தாவலும் வெட்டும் ஒரே நொடியில் வர வேண்டிய இடங்களில் விசைப்பலகை விரலைப் பின்னிவிடும். ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்குபவர்கள் ஆடித் தள்ளுபடி வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவர்களுடைய கோடைத் தள்ளுபடி பெரும்பாலும் நம் ஆனி மாதத்திலேயே வந்துவிடுகிறது. வாங்கிய பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு விளையாட்டை எப்படி எடைபோடுவது என்பதுதான் இனி வருவது.

பேரேட்டை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்

முதல் பத்தி "வழி", இரண்டாவது "சண்டை", மூன்றாவது "செலவு". ஒரு திறன் கிடைத்ததும் அதன் பெயரை எழுதி, ஊரைச் சுற்ற அது எப்படி உதவுகிறது, எதிரியிடம் எப்படி உதவுகிறது, பயன்படுத்த என்ன விலை கொடுக்கிறோம் என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். கட்டாயம் கையால் எழுதுங்கள். மனத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் மூன்றாவது பத்தி காணாமல் போய்விடும். செலவை எழுதாத கணக்கு என்ன கணக்கு?

பாடம் தொடங்க நல்ல விளையாட்டு, 2013இல் வந்த குவாகமேலி. மெக்சிகோ நாட்டு முகமூடி மல்யுத்த வீரன் ஒருவன்தான் நாயகன். மேல்நோக்கிக் குத்தும் வித்தை கிடைத்தால் சிவப்புக் கட்டிகள் உடையும். தரையை மோதும் வித்தைக்குப் பச்சை, பக்கவாட்டில் பாயும் வித்தைக்கு நீலம், தலையால் முட்டுவதற்கு மஞ்சள். எதிரிகளும் இதே நிறங்களில் கவசம் போட்டுக்கொண்டு வருகிறார்கள். எனவே மேல்குத்து என்று எழுதினால் வழிப் பத்தியிலும் சண்டைப் பத்தியிலும் சேர்ந்தே பதிவாகிவிடும். நிறத்தை வைத்துச் சொல்லிக்கொடுப்பது கொஞ்சம் பாலர் பள்ளிப் பாணிதான், ஆனாலும் புதியவர்களுக்கு இதைவிடத் தெளிவான மாதிரி நான் கண்டதில்லை.

அடுத்து ஹாலோ நைட். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் டீம் செர்ரி என்ற சிறு குழு செய்து 2017இல் வெளியிட்டது. பூச்சிகளின் உலகம் அது. நாயகன் கையிலிருக்கும் வாளுக்கு ஆணி என்றுதான் பெயர். மருமகன் முதல் நாள் எழுதிய பதிவை அப்படியே தருகிறேன்.

"கீழ்வெட்டு. வழி: முள்ளை வெட்டித் துள்ளி அக்கரை போகலாம். சண்டை: எதிரியின் தலைமேல் துள்ளிக்கொண்டே அடிக்கலாம். செலவு: குறி தப்பினால் முள் நமக்கு."

இதில் கவனிக்க வேண்டியது, கீழ்வெட்டு என்பது எங்கும் எடுத்துக்கொள்ளும் பொருள் அல்ல. தொடக்கத்திலிருந்தே கையில் இருக்கிறது. காற்றில் இருக்கும்போது கீழ்ப் பொத்தானையும் வெட்டையும் சேர்த்து அழுத்தினால் ஆணி கீழ்நோக்கி இறங்கும். எதன்மேல் பட்டதோ அதிலிருந்து உடல் மேலே எம்பும். முட்பாதை ஒன்றின்மேல் மருமகன் ஒரு மாலை முழுக்க இதைப் பழகினான். முதலில் தாவிய உடனே வெட்டினான், ஆணி வெறுங்காற்றை வெட்டியது. பிறகு பயந்துபோய்த் தாமதித்தான், காலில் முள் ஏறியது. விழத் தொடங்கியபின், ஆணியின் நீளத்துக்குள் முள் வந்துவிட்டதா என்று கண்ணால் அளந்து வெட்ட வேண்டும். அது பிடிபட்டதும் நான்கு முட்களை டண், டண், டண், டண் என்று தட்டிக்கொண்டே கடந்தான். மறுநாள் ஒரு எதிரியை அதே தாளத்தில் தலையில் தட்டிக் கொன்றுவிட்டு, தான் என்ன செய்தோம் என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தான். முள் அவனுக்குச் சண்டை கற்றுக்கொடுத்திருந்தது.

வழியில் கற்றது சண்டையில் உதவுகிறதா, சண்டையில் கற்றது வழியில் உதவுகிறதா? என்னைக் கேட்டால், இவ்வகை விளையாட்டுகளில் திறன் அமைப்பை எடைபோட இந்த ஒரு கேள்வி போதும்.

வழிப் பத்தியில் மட்டும் பதிவாகும் திறனுக்குச் சாவி என்று பெயர் வைத்தோம். ஹாலோ நைட்டிலேயே இஸ்மாவின் கண்ணீர் என்று ஒன்று உண்டு. அது கிடைத்தால் அமில நீரில் நீந்தலாம், அவ்வளவுதான்; சண்டைப் பத்தி காலி. சாவி இருப்பது குற்றமல்ல. பேரேடு முழுக்கச் சாவியாகவே நிறைந்தால் அது திண்டுக்கல் பூட்டுக் கடை. அதே விளையாட்டில் தரையை நோக்கிப் பாய்ந்து இறங்கும் மந்திரம் ஒன்று இருக்கிறது. வலுவிழந்த தரையை உடைக்கும், கீழே இருப்பவர்களைத் தாக்கும், இறங்கும் அந்தக் கணத்தில் நமக்கு அடியும் படாது. செலவு, மந்திரத்துக்கான ஆற்றல். மூன்று வரியும் நிரம்பிய பதிவு.

1994இல் வந்த சூப்பர் மெட்ராய்டின் பனிக்கதிரையும் எழுதிப் பாருங்கள். சுட்டால் எதிரி உறைந்துவிடும். சண்டைப் பத்திக்கு அது போதும். உறைந்த எதிரியின்மேல் ஏறி நின்று மேலே தாவலாம் என்பது வழிப் பத்தி. ஆளையே படிக்கட்டாக்கிவிடுகிற குறும்பு எனக்கு இன்றும் பிடிக்கிறது.

ஆனால் மூன்று பத்திகளுக்கும் நடுவே கோடே போட முடியாத திறன் ஒன்று உண்டு. மூன் ஸ்டூடியோஸ் உருவாக்கி 2015இல் வந்த ஓரி அண்ட் த பிளைண்ட் ஃபாரஸ்ட்டில் வரும் பேஷ். எதிரியின் அருகிலோ, அவன் எறிந்த தீக்கோளத்தின் அருகிலோ சென்று பொத்தானை அழுத்திப் பிடித்தால் காலம் நின்றுவிடும். ஒரு அம்புக்குறி தோன்றும். அதைத் திருப்பி விட்டால் ஓரி ஒரு திசையில் பறக்கும், பிடித்த பொருள் அதற்கு எதிர்த்திசையில் பறக்கும். ஆக, தன்னைக் கொல்ல வந்த தீக்கோளத்தையே உதைத்து மேலே போகிறது. உதைபட்ட கோளம் எறிந்தவன் மேலேயோ, வழியை அடைத்திருக்கும் சுவர்மேலேயோ போய் விழுகிறது. அவ்விளையாட்டின் சாதாரணத் தாக்குதல் மிகச் சுமார். பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் ஒளிப்பொறி தானாகவே எதிரியைத் தேடிப் போகும், குறிபார்க்கும் வேலைகூட இல்லை. பேஷ் கிடைத்ததும் அந்தக் குறையை நான் மறந்தே போனேன். 2020இல் வந்த இரண்டாம் பாகத்தில் தாக்குதலைத் திருத்தி, கையில் வாள் கொடுத்தார்கள். சண்டை நன்றாயிற்று. இருந்தும் என் மனம் முதல் பாகத்தின் பேஷிடமே நிற்கிறது. மருமகனுக்கு இரண்டாம் பாகம்தான் உயர்வு. இதில் எங்களுக்குள் உடன்பாடு கிடையாது.

சண்டையைப் படிக்க, அடிக்காமல் இருங்கள்

தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர். பார்க்கப் போகிறவர்கள் காளையைப் பார்ப்பார்கள். நான் மாடுபிடி வீரர்களின் கால்களைப் பார்ப்பேன். பழகியவர் எடுத்த எடுப்பில் பாய மாட்டார். வாடிவாசலை விட்டு வந்த மாடு ஓடிப்போகிற மாடா, நின்று விளையாடுகிற மாடா என்று முதலில் பார்ப்பார். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தக் காலைத் தூக்குகிறது என்று பார்ப்பார். பிடிக்கும் இடமும் ஒன்றே ஒன்றுதான், திமில். கொம்பையோ வாலையோ பிடிக்கக் கூடாது.

பெரிய எதிரி ஒருவரிடம் முதல்முறை போகும்போது இதையே செய்யுங்கள். இரண்டு நிமிடம் அடிக்காமல் தப்பித்துக்கொண்டே இருங்கள். தோற்பீர்கள், பரவாயில்லை. அந்த இரண்டு நிமிடத்தில் எழுத வேண்டியவை: அடிக்கும் முன் எதிரி என்ன அறிகுறி காட்டுகிறான், அந்த அறிகுறி கண்ணுக்கா காதுக்கா, அடித்து முடித்தபின் எவ்வளவு நேரம் ஓய்கிறான்.

ஹாலோ நைட்டில் பசுமைப் பாதையில் வரும் ஹார்னெட் நல்ல உதாரணம். தாக்கும் முன் குரல் கொடுப்பாள். ஊசியை நூலில் கட்டி நேராக எறிவாள். அது திரும்பிக் கைக்கு வரும்வரை நின்ற இடத்திலேயே நிற்பாள். அதுதான் திமில். ஊசிக்கு மேலே தாவி, அவள்மீது இரண்டு வெட்டு போட்டு விலகிவிடலாம். பலமுறை அடி வாங்கினால் சற்றே மண்டியிடுவாள். ஆசைப்பட்டு அப்போதும் வெட்டிக்கொண்டிருந்தவன் மருமகன். அது காயம் ஆற்றிக்கொள்ள அவள் தரும் நேரம் என்று புரிய அவனுக்கு ஒன்பது தோல்வி ஆயிற்று. வென்றதும் கிடைப்பது பக்கவாட்டில் பாயும் திறன். இவ்வளவு நேரம் எதை வைத்து நம்மைத் துரத்தினாளோ அதைப் போன்ற ஒன்று நம் கைக்கு வருகிறது.

யூபிசாஃப்ட் 2024 ஜனவரியில் வெளியிட்ட பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி லாஸ்ட் க்ரௌன் இந்த அறிகுறியை இன்னும் வெளிப்படையாக வைக்கிறது. மஞ்சள் ஒளி மின்னினால் சரியான கணத்தில் தடுக்கலாம். தடுத்தால் அட்டகாசமான எதிரடி. சிவப்பு மின்னினால் தடுக்கவே முடியாது, விலக வேண்டும். தடுப்பதற்குரிய கால அளவைக்கூட அமைப்புகளில் போய்த் தளர்த்திக்கொள்ளலாம். கூச்சப்படாமல் தளர்த்துங்கள். அதே ஆண்டு தைவான் குழு ஒன்று வெளியிட்ட நைன் சோல்ஸில் தடுப்பதுதான் மூலதனம். தடுத்துச் சேர்த்த ஆற்றலைக் கொண்டு எதிரியின்மேல் தாயத்து ஒன்றை ஒட்டி வெடிக்க வைக்க வேண்டும். அருமையான அமைப்பு, ஆனால் புதியவர்களுக்கு இதை முதல் விளையாட்டாக நான் கொடுக்க மாட்டேன்.

காயம் ஆறுவதற்கும் சாவதற்கும் என்ன விலை

பலர் எழுத மறக்கும் பக்கம் இது. ஆனால் சண்டையின் குணத்தையே இதுதான் தீர்மானிக்கிறது. ஹாலோ நைட்டில் ஒவ்வொரு வெட்டுக்கும் 11 அளவு ஆன்ம ஆற்றல் சேரும். ஒரு முகமூடி அளவு உயிரை (இங்கே உயிரை முகமூடிகளாகத்தான் எண்ணுவார்கள்) மீட்க 33 வேண்டும். அதாவது மூன்று வெட்டுக்கு ஒரு உயிர். மீட்கும்போது ஏறத்தாழ ஒரு நொடி அசையாமல் நிற்க வேண்டும். அடிபட்டவன் ஓடி ஒளிந்தால் பிழைக்க முடியாது; மருந்து எதிரியிடமே இருக்கிறது. அதே ஆற்றல்தான் மந்திரத்துக்கும் செலவாகிறது என்பதால், இருக்கும் 33ஐ மருந்தாக்குவதா வெடியாக்குவதா என்று ஒவ்வொரு முறையும் மனம் அடித்துக்கொள்ளும். மாதக் கடைசியில் நாங்கள் வீட்டில் செய்யும் யோசனை போல.

சூப்பர் மெட்ராய்டில் எதிரி செத்தால் ஆற்றல் உருண்டை விழும், எடுத்துக்கொண்டால் சரி. இங்கே பயம் குறைவு, நிதானம் அதிகம்.

சாவின் விலையும் அப்படித்தான். ஹாலோ நைட்டில் இறந்தால் சேர்த்த காசெல்லாம் இறந்த இடத்தில் ஒரு நிழலிடம் தங்கிவிடும். போய் அதை வென்றால் திரும்பக் கிடைக்கும். போகும் வழியில் மீண்டும் இறந்தால் போனது போனதுதான். ஓரியின் முதல் பாகத்தில் எங்கே சேமிப்பது என்பதே நம் பொறுப்பு. ஆற்றலில் ஒரு பங்கைக் கொடுத்து, ஆபத்தில்லாத இடத்தில் நாமே ஒரு விளக்கை ஏற்ற வேண்டும். சிக்கனம் பார்த்து ஏற்றாமலேயே போய்க்கொண்டிருந்தான் மருமகன். அன்று பராமரிப்புக்காக மின்தடை என்று காலைச் செய்தித்தாளில் போட்டிருந்ததை இருவருமே பார்க்கவில்லை. அரை மணி நேர ஆட்டம் இருட்டில் போயிற்று. "செலவு செய்யாததும் ஒரு செலவு" என்று அவனே பேரேட்டில் எழுதிக்கொண்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

எண் வளர்கிறதா, கை வளர்கிறதா

எளிய சோதனை. பத்து மணி நேரம் ஆடியபின் தொடக்க இடத்துக்குத் திரும்பிப் போய், முதலில் உங்களைத் திணறவைத்த எதிரியிடம் நில்லுங்கள். இப்போது சுலபமாக வெல்வது எதனால்? சிம்பனி ஆஃப் த நைட்டில் எதிரிகளைக் கொல்லக் கொல்ல நிலை உயரும், அடியின் வலு கூடும். பெரிய எதிரியிடம் மாட்டிக்கொண்டால் சின்னவர்களைக் கொன்று வலுவேற்றிக்கொண்டு வரலாம். அதே வழியில் வந்த 2019இன் பிளட்ஸ்டெயின்டும் இப்படித்தான். வேலை முடிந்து களைத்து வருகிறவர்களுக்கு இது ஒரு கருணை. ஹாலோ நைட்டில் நிலை என்று ஒன்றே கிடையாது. ஆணியைத் தீட்டிக்கொள்ளலாம், தொடக்கத்தில் 5ஆக இருக்கும் அடி, நான்கு முறை தீட்டியபின் 21 ஆகும். முதல் முறைக்குக் காசு மட்டும் போதும். அடுத்த முறைகளுக்கு வேண்டிய கனிமத்தைத் தேடி அலைய வேண்டும், சின்ன எதிரிகளைக் கொன்று குவிப்பதால் மட்டும் அது வந்துவிடாது. மற்றபடி வளர்வதெல்லாம் உங்கள் கை. எது உயர்வு என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். உண்மையில் எனக்குக் கை வளர்வதுதான் பிடிக்கும்.

எந்த வரிசையில் ஆடுவது

குவாகமேலியில் தொடங்குங்கள். அடுத்து பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. அதில் திறக்க முடியாத இடத்தை அப்படியே படமெடுத்து வரைபடத்தில் குத்திவைக்கலாம், திரும்பி வரும் பழக்கம் தானாக வந்துவிடும். பிறகு ஓரி, அதன்பின் ஹாலோ நைட். இடையில் களைப்புத் தட்டினால் 2024இல் வந்த அனிமல் வெல்லைத் திறந்து பாருங்கள். வாளே இல்லாத விளையாட்டு. பேய் வந்தால் பட்டாசு கொளுத்தித்தான் விரட்ட வேண்டும். சிவகாசிக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு அதை விடலாமா?

சூப்பர் மெட்ராய்டைக் கடைசியில் வைக்கிறேன். பழசாயிற்றே என்பதால் அல்ல. பேரேட்டைக் குழப்பிவிடுகிற விளையாட்டு என்பதால். அதில் ஓர் ஆழமான குழிக்குள் இறங்கினால், ஏற வழி தெரியாது. அங்கே மூன்று சிறு விலங்குகள் இருக்கின்றன. ஒரு சுவரில் காலை ஊன்றி எதிர்ச் சுவருக்கு, அங்கிருந்து மீண்டும் இந்தச் சுவருக்கு என்று தாவித் தாவி மேலே போய்க் காட்டுகின்றன. புதிய பொருள் எதுவும் கிடைப்பதில்லை, திரையில் ஒரு வரிகூட எழுதப்படுவதில்லை. அந்தத் தாவல் முதல் நிமிடத்திலிருந்தே நம் நாயகியிடம் இருந்தது.

மருமகன் இருபது நிமிடம் முயன்று மேலே ஏறினான். பேனாவை எடுத்து "சுவர்த் தாவல்" என்று எழுதினான். வழி எழுதினான், சண்டை எழுதினான், செலவு இல்லை என்று கோடு போட்டான். பிறகு ஓரத்தில் இருந்த தேதிக் கட்டத்தில் பேனாவை வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"மாமா, இதை எந்தத் தேதியில் வரவு வைப்பது?"